இரவல் வண்டி

ஒருவர் மற்றொருவரிடம் ஒரு பொருளைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தாழ்ந்தோன் 'ஈ' என்பான். ஒத்தோன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான். சொல்லதிகாரத்தின் எச்சவியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. திருப்பித் தந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கேட்பவன் இம்மூன்றில் எதைச் சொல்வான்? 'தா' என்றுதான் சொல்ல முடியும். ஏனெனில் இரவல் என்பது ஒத்தாரிடையே நிகழ்வது. ஆனால் 'இரவல்' என்ற சொல்லோ 'இர' என்னும் அடியிலிருந்து பிறந்திருக்கிறது. பெற்றுத் திருப்பித் தருபவனையும் பிச்சை ஏற்பவனையும் ஒரே வேர்ச்சொல்லில் நம் மொழி கட்டிவைத்துவிட்டது. இரவல் பற்றி வாய்திறந்து பேச நமக்குள்ள கூச்சத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கூச்சம் என்ன கேடெல்லாம் செய்கிறது என்பதை வண்டி ஒன்றை முன்வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

மேலைநாடுகளில் குடும்பத்தோடு ஏறிச் சென்று, அதிலேயே சமைத்து உண்டு உறங்கித் திரும்பும் வீட்டுவண்டி உண்டு. கேரவன் என்பார்கள். நம்மவருக்கு அச்சொல் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகவே அறிமுகமானது. அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தது. அத்தகைய வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவர்க்கு விடுமுறைக்காலம் வந்தால் ஒரு தருமசங்கடமும் கூடவே வரும். மைத்துனன் கேட்பான், பள்ளித் தோழன் கேட்பான். கொடுத்தால் வண்டி என்னாகுமோ, மறுத்தால் உறவு என்னாகுமோ என்று மனம் இரண்டுபடும். இது காவிரிக் கரைக்குப் புதிய சங்கடம் அன்று. நம்மிடமும் வீட்டுவண்டி இருந்தது. கூண்டுவண்டி என்று அதற்குப் பெயர்.

திருவிடைமருதூர்த் தைப்பூசத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வூரின் பூச நீராடல் சம்பந்தர் தேவாரத்திலேயே பேசப்படுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வழக்கம். பேருந்துகள் பெருகாத காலத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மக்கள் கூண்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருக்கும். ஒரு மூலையில் கட்டுச்சோற்று மூட்டை. அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். தோப்பில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டால், பெண்களும் குழந்தைகளும் கூண்டுக்குள்ளும் ஆண்கள் வண்டிக்கடியிலும் உறங்குவார்கள். தேரும் தீர்த்தவாரியும் முடிந்தபின்தான் ஊர் திரும்புவது. எல்லா வீட்டிலும் கூண்டுவண்டி இருந்ததில்லை. தெருவுக்கு இரண்டோ மூன்றோ இருந்தால் அதிகம். ஆகவே பூசத்துக்கு முன்பு வண்டி இருந்த வீட்டுத் திண்ணையில் ஆள்வரத்து கூடும்.

தை மாதம் வண்டியை இரவல் கொடுப்பதென்பது சிறிய காரியம் அன்று. சம்பா அறுவடை நடக்கும் காலம். கதிர்க்கட்டு ஏற்றவும் நெல் ஏற்றவும் வண்டி வேண்டும். போரடிக்க மாடு வேண்டும். அந்த நாட்களில் வண்டியையும் மாட்டையும் பிறருக்குத் தருபவன் தன் களத்து வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் தரமுடியும். அதனாலேயே அந்த இரவலுக்கு எழுதாத விதிகள் இருந்தன. மாட்டோடு வண்டி கேட்டால் வண்டிக்காரனும் கூடவே வருவான். மாட்டின் குணம் அறிந்தவன் அவன். மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தவிடும் இரவல் வாங்கிய வீட்டின் பொறுப்பு. வண்டிக்காரனுக்குச் சோறும், திரும்பும்போது ஒரு துண்டும் அவர்கள் செலவு. புறப்படுமுன் கடையாணியைத் தட்டிப்பார்த்து, அச்சுக்கு மசகு போட்டுக் கொடுப்பது உடையவன் பொறுப்பு. திரும்பும் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதுவும் வெறுங்கையோடு வரக்கூடாது. திருவிழாக் கடையின் பொரியோ பூந்தியோ ஒரு சீப்புப் பழமோ கூட வரும்.

மறுப்பதற்கும் ஒரு மரபு இருந்தது. 'மாட்டுக்குக் கால் சரியில்லீங்க மாமா' என்று சொன்னால் போதும். கேட்டவர் மாட்டின் காலைப் பார்க்கப் போகமாட்டார். 'அதனாலென்ன, பாத்துக்கலாம் தம்பி' என்று எழுந்துவிடுவார். இருவருக்கும் முகம் கெடாது. இதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 'இல்லை' என்பதை இரு தரப்பும் ஏற்கும் வடிவில் சொல்லத் தெரிந்த ஒரு சமூகத்தின் இடக்கரடக்கல் அது.

இவ்வளவும் சொல்லி நிறுத்திக்கொண்டால் நாம் பழம்பெருமை பாடியவர்களாவோம். அந்த வண்டி எல்லோருக்கும் இரவல் கிடைத்ததில்லை. தஞ்சைத் தரணியில் மிராசுதார் வீட்டுக் கூண்டுவண்டியைப் பண்ணையாள் தைப்பூசத்துக்குக் கேட்டிருக்க முடியுமா? கேட்பதாக நினைத்துப் பார்த்திருக்கவும் முடியாது. அவ்வண்டியைக் கழுவியவரும் அம்மாட்டை மேய்த்தவரும் அதில் ஏறி அமர்ந்ததில்லை. திருவிதாங்கூரில் 1893-இல் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றது ஒரு போராட்டமாகவே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சொந்த வண்டியில் செல்வதற்கே போராட வேண்டியிருந்த மண்ணில் இரவல் வண்டிக்கு இடமேது? பண்ணையாளுக்குக் கிடைத்தது பழைய துணியும் மிஞ்சிய சோறும். அது ஈகை என்று சொல்லப்பட்டது. அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, தரவும் விடமாட்டார்கள்.

இங்கேதான் தொல்காப்பியத்தின் மூன்று சொற்கள் நமக்கு உதவுகின்றன. 'ஈ' என்பவனுக்கு இரவல் இல்லை. 'தா' என்று கேட்கக்கூடியவனுக்கே உண்டு. ஒருவரிடம் நம் பொருளைக் கொடுத்துத் திருப்பிக் கேட்கிறோம் என்றால், அவரை நமக்கு நிகராக வைத்திருக்கிறோம் என்று பொருள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது சிறுமை என்று நாம் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம். உண்மையில் திருப்பிக் கேளாமல் விடுவதே எதிரிலிருப்பவரைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும். ஒத்தவராக வந்தவரை நாம் இரவலராக்கி அனுப்பிவிடுகிறோம்.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். திருப்பித் தரும் கடப்பாட்டோடு அளந்து வாங்குவதற்குக் 'குறியெதிர்ப்பை' என்றொரு சொல்லே இருந்திருக்கிறது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இச்சொல்லைக் கொண்டுவந்து, வறியவர்க்குத் தருவது மட்டுமே ஈகை, மற்றவை குறியெதிர்ப்பையின் தன்மையுடையவை என்று பிரித்துக் காட்டுகிறார். புறநானூற்றின் 163-ஆம் பாட்டில் குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம், யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், பசிக்காலத்தில் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களும் இருக்கிறார்கள். செல்வம் வந்ததும் புலவர் கடன் தந்த அண்டைவீட்டுப் பெண்களை மறக்கவில்லை. நாம் மேடைதோறும் கொண்டாடுவதோ முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை. பாரி கொடுத்தது கொடை. முல்லைக்கொடி அத்தேரை வேறு யாருக்கும் ஓட்டக் கொடுத்துவிடாது; சாலையில் யார்மீதும் ஏற்றியும் விடாது. கொடை நமக்குக் காவியமாகியிருக்கிறது. அதைக் காட்டிலும் கடினமான குறியெதிர்ப்பை அகராதிச் சொல்லாகிவிட்டது.

நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில் வள்ளுவர் 'பழைமை' என்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். நெடுநாள் நண்பர் கேளாமலே உரிமையெடுத்துச் செய்வனவற்றைப் பொறுத்துக்கொள்வதே அதன் பொருள். கெழுதகைமை என்பது அவர் ஆளும் சொல். சாவி மாடத்தில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறான் நண்பன்; அது கெழுதகைமை. ஆனால் அதே வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று சொல்லிவைத்திருக்கிறார். அங்கே அவர் பேசுவது படைவலிமை பற்றித்தான். நட்புக்கும் அது பொருந்தாமல் போகாது.

*

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தபோது நமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பொருள் மற்றொருவர் கையில் இருப்பது பற்றி ஒரு தனி இயல் உண்டு. வாடகை வாங்காமல் இரவல் கொடுப்பதும் அதில் அடக்கம். அந்த இயலில் விதிகளை விளக்கச் சொல்லப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டுகள் நீதிக்கதைகளைப் போலிருக்கின்றன.

ஒருவன் முரட்டுக் குதிரையொன்றை அதன் முரட்டுத்தனம் தெரிந்தே, அதைச் சொல்லாமல், மற்றவனுக்கு இரவல் கொடுக்கிறான். குதிரை மிரண்டு ஓட, ஏறியவன் விழுந்து காயப்படுகிறான். பொறுப்பு யாருடையது? கொடுத்தவனுடையது. இலவசமாகத்தானே கொடுத்தேன் என்பது விடையாகாது. தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்கிறது 150-ஆம் பிரிவு. அச்சில் விரிசல் என்று தெரிந்தும் வண்டி கொடுத்தவனுக்கும், பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தும் சாவியை நீட்டியவனுக்கும் இது பொருந்தும்.

154-ஆம் பிரிவின் கதை இன்னும் நுட்பமானது. ஒருவன் குதிரையை, நீ மட்டும் ஏறிச் செல்வதற்கு என்று சொல்லிக் கொடுக்கிறான். வாங்கியவன் தன் குடும்பத்தில் ஒருவனை ஏறவிடுகிறான். அவன் கவனமாகத்தான் ஓட்டுகிறான். ஆயினும் தற்செயலாகக் குதிரை விழுந்து காயப்பட்டுவிடுகிறது. வாங்கியவன் ஈடு கொடுக்க வேண்டும். கவனமாக ஓட்டினான் என்பது இங்கே கணக்கில் வராது. சொன்ன சொல்லை மீறியதே கணக்கு. நம் வீடுகளில் நடப்பது இதுதானே? கேட்பவர் அண்ணன், ஓட்டுபவன் அண்ணனின் மகனுடைய நண்பன்.

159-ஆம் பிரிவு கொடுத்தவனுக்கு ஓர் உரிமையைத் தருகிறது. காலம் குறித்துக் கொடுத்திருந்தாலும் இடையில் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அவன் சொல்லை நம்பி மற்றவன் ஏற்பாடுகள் செய்துவிட்டிருந்து, இடையில் கேட்பதால் அவனுக்கு விளையும் இழப்பு, இரவலால் அவன் பெற்ற பயனைவிட மிகுதியாயின், அந்த மிகுதியை ஈடுசெய்ய வேண்டும். ஊரில் பெரியவர்கள் 'பாதி வழியில் மாட்டை அவிழ்க்காதே' என்று சொல்வதன் சட்ட வடிவம் என்றே இதைக் கொள்ளலாம்.

குதிரைக்குப் போதுமாயிருந்த இந்த அறம் மோட்டார் வண்டிக்குப் போதவில்லை. காரணம் வேகம் மட்டும் அன்று. புத்தக இரவலை எடுத்துக்கொள்வோம். இதைப் படிப்பவர்களில் இரவல் புத்தகத்தால் நட்பிழந்தவர் ஒருவரேனும் இருப்பார். அந்த இழப்பு இருவரோடு முடிந்துவிடுகிறது. மோட்டார் வண்டி இரவலில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கொடுத்தவரையும் அறியாமல் வாங்கியவரையும் அறியாமல், கும்பகோணம் - மயிலாடுதுறைச் சாலையில் சைக்கிள் மிதித்துப் போய்க்கொண்டிருக்கும் யாரோ ஒரு முதியவர். நம் பெருந்தன்மையின் விலையை அவர் கொடுக்க நேரலாம்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. நம்மோடு பணியாற்றிய பேராசிரியர் ஒருவர், தம் அண்ணன் மகன் அவசரமாகக் கேட்டானென்று மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார். பையனிடம் பழகுநர் உரிமம் மட்டுமே இருந்தது. அவர் கேட்கவில்லை, அண்ணன் மகனிடம் எப்படிக் கேட்பது? வழியில் ஒரு முதியவர்மீது வண்டி மோதி அவருடைய கால் முறிந்தது. வழக்கு சில ஆண்டுகள் நடந்தது. காப்பீட்டு நிறுவனம் அம்முதியவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையைப் பேராசிரியரிடம் வசூலிக்க வந்தது. பணத்தை அவர் கட்டிவிட்டார். கட்ட முடியாமல் போனது வேறொன்று. 'நீ ஏன்டா குடுத்தே?' என்று அண்ணன் கேட்டார். 'நீங்க ஏண்ணே அனுப்பினீங்க?' என்று தம்பி கேட்டார். அதன்பின் இருவரும் பேசிக்கொண்டது தாயார் இறந்த அன்றுதான். அதுவும் காரியத்துக்கு வேண்டிய அளவு மட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இலேயே, உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கக்கூடாது என்று உடையவர்மீது கடமை வைத்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் மீறுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையாயின் பெற்றோர்க்கோ வண்டியின் உடையவருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். 2004-இல் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பில், ஓட்டியவரிடம் உரிமம் இல்லையென்பதால் மட்டும் காப்பீட்டு நிறுவனம் தப்பிக்க முடியாது, உடையவர் கவனமின்றிக் கொடுத்தார் என்று நிறுவ வேண்டும் என்றது. அப்போதும் அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். பின்னர் உடையவரிடம் அதை வசூலித்துக்கொள்ளலாம். கேட்டுப் பார்த்துக் கொடுத்தவருக்கும் கேளாமல் கொடுத்தவருக்கும் இடையே சட்டம் வேறுபாடு காண்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வாங்குபவர் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. கர்நாடகத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குச் சென்றார். முன்னே இரும்புத் தகடு ஏற்றிச் சென்ற மாட்டுவண்டி திடீரென்று நின்றது. அதில் மோதி இறந்துபோனார். அவர் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 2009-இல் உச்சநீதிமன்றம், இரவல் வாங்கி ஓட்டுபவர் அந்த நேரத்துக்கு உடையவரின் இடத்திலேயே நிற்கிறார், ஆகவே யார்மீது தவறென்று நிறுவாமலே இழப்பீடு பெற வழிசெய்யும் பிரிவின்கீழ் அவர் குடும்பம் கேட்க முடியாது என்றது. வேறு பிரிவின்கீழ் ஆராயும்படி வழக்கைத் திருப்பியனுப்பியது. இரவல் வண்டியில் ஏறுபவர் உடையவரின் உரிமையை மட்டும் கொண்டு செல்வதில்லை; அவருடைய சுமையையும் ஏற்றிக்கொள்கிறார்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 'சும்மா வேண்டாம்பா, நாளுக்கு இவ்வளவு வைத்துக்கொள்' என்று உறவினர் பணம் நீட்டுவதுண்டு. நல்ல மனத்தோடுதான். ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விட்டால் காப்பீடு கைவிட்டுவிடக்கூடும். குடித்த பெட்ரோலுக்குப் பெட்ரோல் ஊற்றித் தருவது வேறு, வாடகை வேறு. பழைய நாளில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டது முதல்வகை. அதன் அறிவு நமக்கு இன்றும் பயன்படுகிறது.

*

அப்படியானால் வண்டியை யாருக்கும் கொடுக்காமலிருப்பதே நல்லது என்று சிலர் முடிவு செய்துவிட்டார்கள். 'மனைவியையும் வண்டியையும்' என்று தொடங்கும் அருவருப்பான வாசகம் ஒன்றுகூட இதற்கு உலவுகிறது. இம்முடிவு நமக்கு உடன்பாடன்று. நள்ளிரவில் அண்டைவீட்டில் பிரசவ வலி எடுத்தால் ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. தெருவில் மூன்று கார்கள் நிற்க, ஒருவர் தம் தாயை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாடகை வண்டிக்குத் தொலைபேசியில் காத்திருப்பாரானால் அது ஊருக்கு அழகன்று.

வேறு சிலர், உறவுக்குள் நிபந்தனை பேசுவதா, உரிமத்தைக் காட்டு என்று மைத்துனனிடம் கேட்பதா என்று கூசுகிறார்கள். இந்தக் கூச்சத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம். கூண்டுவண்டிக் காலத்தில் நிபந்தனைகள் இல்லாமலில்லை. எல்லோரும் அறிந்திருந்ததால் எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே. அந்தப் பொது அறிவு கலைந்துபோன பிறகு, சொல்லாமல் விடுவது பெருந்தன்மையாகாது. பின்னாளில் குற்றஞ்சாட்ட ஒரு வாய்ப்பைச் சேமித்து வைப்பதாகவே முடியும்.

ஆகவே சொல்லிக் கொடுப்போம். யார் ஓட்டுவது, எங்கே போவது, எப்போது திரும்புவது என்று மூன்று கேள்விகளைச் சிரித்த முகத்தோடு கேட்போம். உரிமத்தைக் கண்ணால் பார்ப்போம். வண்டியின் குறையை நாமே முதலில் சொல்வோம். காப்பீட்டுத் தாளின் நாளைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்போம். கீறல் விழுந்தால் யார் சரிசெய்வது என்பதை விழுமுன்பே பேசிவிடுவோம். ஐயமிருந்தால் பழைய மரபைப் பின்பற்றி வண்டியோடு வண்டிக்காரனையும் அனுப்புவோம். அதாவது நாமே ஓட்டிச் செல்வோம். அதுவும் இயலாதபோது நேராக மறுப்போம். 'மாட்டுக்குக் கால் சரியில்லை' என்பதை இன்று யாரும் புரிந்துகொள்வதில்லை. மெக்கானிக்கின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாங்குபவர்க்கும் இது பொருந்தும். கேட்கப்படுமுன்பே உரிமத்தை எடுத்து நீட்டுபவரிடம் எந்த மைத்துனனும் முகம் சுளிக்கப்போவதில்லை. பெட்ரோல் நிரப்பிக் கழுவித் திரும்பக் கொண்டுவரும் வண்டி அடுத்த முறையும் கிடைக்கும்.

தைப்பூசத்தின்போது இடைமருதூர் வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடும். அவை தனியொருவருக்குச் சொந்தமானவை அல்ல. யாரும் யாருக்கும் இரவல் கொடுத்தவையும் அல்ல. வடம்பிடிப்போர் ஆயிரம்பேர் இருப்பார்கள். சக்கரத்தருகே கட்டையோடு குனிந்து நிற்பவர்கள் சிலரே. நம் பேச்சுவழக்கில் 'முட்டுக்கட்டை' என்றால் தடை என்று பொருளாகிவிட்டது. தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டைதான் தேரைத் திருப்புகிறது, வேகம் அடக்குகிறது, வீட்டுச் சுவரில் மோதாமல் காக்கிறது. கட்டை போடுகிறவரைத் தேருக்குப் பகையென்று ஒருவரும் நினைப்பதில்லை. சாவியை நீட்டுமுன் கேட்கும் மூன்று கேள்விகளும் அத்தகைய கட்டைகளே. அவற்றைப் போடத் தெரிந்தவர்தாம் வண்டியைத் துணிந்து கொடுக்கவும் முடியும்.